பாடகர் ஜான் லாங்ஃபோர்டின் ஓவியங்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

செங்கல்சூளை:
நான் அமெரிக்காவில் டெக்சஸின் ஆஸ்டினில் வேலை பார்த்தபோது சவுத் காங்கிரஸ் தெருவில் யார்ட் டாக் என்று ஒரு கேலரி இருந்தது. மார்ச் மாதம் ஊரே இசைவிழாவில் மூழ்கியிருக்கும்போது கேலரியின் பின்பக்கம் கூட்டம் நெரியும், வேக்கோ பிரதர்ஸ் என்ற இசைக்குழு வாசிக்கும். அங்கே கிட்டாரோடு குதித்து, கத்தி, நடுநடுவே நக்கலடித்துக்கொண்டிருந்த வேல்ஸ்காரர்தான் உள்ளே சுவரில் தொங்கிய படங்களை வரைந்தவர் என்று பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரிந்தது. உள்ளே போனால் எல்லாம் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பழைய பாடகர்கள். விளம்பரத்துக்கு எடுத்த போட்டோவில் சிரிப்பார்களே அதே சிரிப்பு, ஆனால் சிலருக்குக் கண்ணைக் கட்டியிருக்கிறார், சிலர் பக்கத்தில் மண்டை ஓடு. பரப்பு முழுக்கச் சுரண்டிக் கீறி அழுக்கேற்றி, ஏதோ மூடிப்போன மதுக்கடையிலிருந்து பெயர்த்து எடுத்து வந்த மாதிரி வைத்திருந்தார். ஹேங்க் வில்லியம்ஸ் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். 1953 புத்தாண்டன்று கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின் சீட்டிலேயே செத்துப்போனவர், வயது 29. அது தெரிந்து பார்த்தால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. பாட்டை விட்டு ஓவியத்துக்கு வந்த ஒருவருக்கு இவ்வளவு கை வருமா என்று ஆச்சரியமாக இருந்தது.

நிலக்கரி:
அண்ணா, அவர் பாட்டை விடவே இல்லையே! ஓவியத்துக்குப் புதிதாக வந்தவரும் இல்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனதே ஓவியம் படிக்கத்தான். 1977இல் அதே துறை மாணவர்கள் சேர்ந்து மீக்கான்ஸ் என்ற பங்க் இசைக்குழுவை ஆரம்பித்தார்கள், கேங் ஆஃப் ஃபோர் என்ற குழுவும் அதே வட்டாரம்தான். இவர் முதலில் டிரம்ஸ், கிட்டாரெல்லாம் அப்புறம். யாருக்கும் சரியாக வாசிக்கத் தெரியாது, அதைப் பெருமையாகவே வைத்துக்கொண்டார்கள். 1984-85இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது அவர்களுக்கு ஆதரவாகக் கச்சேரி செய்யத்தான் கலைந்துகிடந்த குழு திரும்பக் கூடியது. கன்ட்ரி இசை உள்ளே நுழைந்ததும் அந்தச் சமயத்தில்தான். தோற்றவன் பாட்டு அல்லவா, ஒட்டிக்கொண்டது. கையும் சும்மா இல்லை, சக் டெத் என்ற பெயரில் ராக் உலகத்தைக் கிழிக்கும் சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்தார். பிறகு பெரிய ரெக்கார்டு கம்பெனியிடம் மாட்டிக்கொண்டு மீக்கான்ஸ் பட்ட பாடு தெரிந்தால், அந்தப் பாடகர்களின் கண்ணை ஏன் கட்டினார் என்று கேட்கத் தோன்றாது.

வடக்கு_ரயில்:
நான் சிகாகோவில் பார்த்தேன். 1992இலிருந்து அவருக்கு அதுதான் ஊர். ஹைட்அவுட் என்ற சின்ன பாரில் வாசிப்பார், மேடைக்கும் நமக்கும் நாலடிகூட இருக்காது. முடிந்ததும் பாட்டுப் பிடித்ததென்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனேன், கூட்டத்தில் முடியவில்லை. இல்லினாய்ஸில் மரண தண்டனைக்கு எதிராக இயங்கியவர்களுக்குப் பணம் திரட்ட, கொலைப் பாட்டுகளாகவே பொறுக்கி 2002இல் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்களே, அதிலும் முன்னால் நின்றவர் இவர்தான். அடுத்த ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் ரயன் மரண தண்டனைக்குக் காத்திருந்த அத்தனை பேரின் தண்டனையையும் குறைத்துவிட்டார். ஆல்பத்தால் நடந்தது என்று சொல்ல வரவில்லை, இவர் எந்தப் பக்கம் நிற்கிற ஆள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தூரிகை_இல்லாதவன்:
எல்லாம் சரி, எனக்கு நாலு படம் பார்த்ததும் அலுத்துவிட்டது. தொப்பி, கிட்டார், மண்டை ஓடு, மறுபடி தொப்பி. பாட்டுதான் பெட்டர்.

செங்கல்சூளை:
நாலு படத்தை அச்சிலோ போனிலோ பார்த்தால் அப்படித்தான் இருக்கும், அந்தக் கீறலெல்லாம் நேரில்தான் தெரியும். @நிலக்கரி நன்றி தம்பி, திருத்திக்கொள்கிறேன். இன்னொரு கூத்து கேளுங்கள். கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் தன் பாடகர்களைக் கொன்று தின்கிறது என்று இத்தனை வருடம் வரைந்தவரையே அதே நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் கூப்பிட்டு, 2015இல் பாப் டிலன், ஜானி கேஷ் பற்றி வைத்த பெரிய கண்காட்சிக்குப் படம் வரையச் சொன்னது. அவரும் வரைந்து கொடுத்தார்!