படகில் பிடித்த மீன் திருச்சி வருவதற்குள் தொய்ந்துவிடுகிறது, எங்கே தவறு?

தூண்டில்_திருச்சி:
நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகில் தூண்டில் போடுகிறோம். காலை 6 மணிக்கு முதல் மீன், 11 மணிக்குக் கரை, அப்புறம் காரில் மூன்று மணி நேரம். வஞ்சிரம், பாறை, சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் கலந்து 10 கிலோ தேறும். 50 லிட்டர் ஐஸ் பெட்டியில் 4 கிலோ ஐஸ். வீட்டில் திறந்தால் கானாங்கெளுத்தி வயிறு கிழிந்திருக்கிறது, சூரை சதை வெளிறி மாவு போல இருக்கிறது. குடலைப் படகிலேயே எடுக்கணுமா? நல்ல தண்ணீரில் கழுவலாமா? ஐஸ் எவ்வளவு போடணும்?

வலைவாடி:
ஐஸ் போதவில்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்க. 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0-க்கு இறக்கவே மூணேகால் கிலோ ஐஸ் கரைந்துவிடும். பெட்டிக்குள் நுழையும் சூட்டுக்கு மிச்சம் எங்கே? நம்ம வெயிலுக்கு மீன் ஒரு கிலோ என்றால் ஐஸ் ஒரு கிலோ, கார் பயணத்துக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோ. 50 லிட்டர் பெட்டியில் இவ்வளவும் அடங்கும்.

பார் ஐஸை முட்டி அளவுக்கு உடைத்துப் போட்டால் பயனில்லை. கட்டிக்கும் மீனுக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும். சாக்கில் கட்டி, கட்டையால் அடித்துப் புளியங்கொட்டை அளவுக்கு நொறுக்குங்க. அடியில் நாலு விரல் ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ். மீனும் மீனும் ஒட்டக்கூடாது. குடல் எடுத்த மீனை வயிறு கீழே பார்க்க வையுங்க, உருகும் தண்ணீர் உள்ளே தேங்காது. பெட்டி அடியில் இருக்கும் திருகைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை வடியுங்க. ரத்தமும் கசடும் கலந்த அந்தத் தண்ணீரில் மீன் ஊறினால் ஐஸ் போட்டதே வீண்.

கடல்நண்டு:
கல் உப்பு இரண்டு கை அள்ளி ஐஸில் போடுங்க நண்பரே. குளிர் இன்னும் இறங்கும்.

வலைவாடி:
இறங்கும், ஆனால் ஐஸ் சீக்கிரம் கரைந்து தீரும். அளவு மீறினால் தோலோரம் அரைகுறையாக உறையும், அது உருகும்போது சதை நீர்விட்டுத் தொய்யும். உப்பு தேவையானால் கடல் தண்ணீரே போதும், ஆனால் அதைப் படகிலேயே செய்யணும். ஐஸ் இரண்டு பங்கு, கடல் தண்ணீர் ஒரு பங்கு, கூழ் மாதிரி. மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் படுவதால் வெறும் ஐஸை விட வேகமாகக் குளிரும். ஒரு கிலோ மீன் ஒரு மணி நேரமாவது கிடக்கட்டும், வஞ்சிரம் பெரிதானால் இன்னும் அதிகம். கரைக்கு வந்ததும் வடித்துவிட்டு, நான் சொன்ன மாதிரி அடுக்குங்க. இந்தத் தண்ணீரைத் துறைமுகத்துக்குள் மொள்ளாதீங்க, டீசலும் சாக்கடையும் கலந்தது. வெளிக்கடலில் மொண்டு வையுங்க.

செவுள்பூ:
ஐஸுக்கு முந்தின வேலையை யாரும் சொல்லலையே. மீன் துள்ளித் துள்ளிச் சாகக் கூடாது. ஏறியதும் கண்ணுக்குச் சற்று மேலே தலையில் கட்டையால் ஒரே அடி. பிறகு செவுள் மூடியைத் தூக்கி, தொண்டைப் பக்கம் செவுள் சேரும் இடத்தை இரு பக்கமும் அறுத்து, வாளிக் கடல் தண்ணீரில் தலைகீழாக 5 முதல் 10 நிமிடம். ரத்தம் வடிந்துவிடும். சூரைக்கு இது கட்டாயம்: அது போராடும்போது உடம்பே சூடேறும், அந்தச் சூட்டோடு விட்டால்தான் நீங்கள் சொல்லும் வெளிறிய மாவுச் சதை.

குடல்: வஞ்சிரம், பாறை, சூரை படகிலேயே குடலும் செவுளும் எடுத்து, உள்ளே முதுகெலும்பை ஒட்டிய கறுத்த ரத்தத்தையும் சுரண்டிக் கடல் தண்ணீரில் அலசுங்க. கானாங்கெளுத்தி, மத்தியை முழுசாகவே உடனே ஐஸ் கூழில் போடுங்க. இரை தின்ற மீனின் குடல் நீர் வயிற்றுச் சுவரையே கரைக்கும், குளிர்ந்தால்தான் அந்த வேகம் அடங்கும். நல்ல தண்ணீரில் ஊறப் போடாதீங்க, தோல் நிறம் போய், கண் வெளுத்து, சதையும் நீர் ஏறும். சமைக்கும் முன் ஒரு அலசு போதும். மீன் விறைத்திருக்கும்போது பெட்டிக்கு அடங்கலை என்று வளைக்காதீங்க, சதை பிளந்துவிடும்.

தூண்டில்_திருச்சி:
நன்றி அண்ணே. சூரை சில நேரம் நாக்கில் மிளகு போலக் குத்துகிறது. நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகுமா?

செவுள்பூ:
ஆகாது தம்பி, கொட்டிவிடுங்க. அது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகைகளில் வெயிலில் கிடந்த நேரத்தில் பாக்டீரியா உண்டாக்குவது. கொதித்தாலும் உறைய வைத்தாலும் போகாது, புளி மஞ்சளுக்கும் அடங்காது. வாடையே இல்லாமலும் இருக்கும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு வரும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

அடுப்படி_மீனா:
வீட்டுப் பக்கம் நான் சொல்றேன். ஃபிரிட்ஜ் 4 டிகிரி என்றால் மீன் 0-வில் கெடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கெடும். அதனால் மறுநாள் சமைப்பதை ஓட்டைத் தட்டில் ஐஸோடு வைத்து, அடியில் பாத்திரம் கொடுத்து, கீழ்த்தட்டில் வையுங்க. மிச்சத்தை வந்த அன்றே ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, காற்றை அழுத்தி எடுத்து, தட்டையாக -18-ல் வையுங்க. குவித்து வைத்தால் நடுவில் உறைய நேரமாகும். கானாங்கெளுத்தி, மத்தி கொழுப்பு மீன், இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை தட்டும். முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக்குங்க, சிங்கில் வெளியே போட்டு வைக்காதீங்க.