முதல் மணிக்கும் முதல் பாடத்துக்கும் நடுவே

நீடாமங்கலம் பக்கத்து ஆசிரியை:

வகுப்பறைச் சத்தத்தை எப்படி அடக்குகிறோம் என்றுதானே பேசுகிறோம்? எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்புக்குக் கணக்கு ஓடாது. பிரம்பால் மேசையைத் தட்டுவேன். ஒரு நிமிடம் அடங்கும், பிறகு முன்னிலும் கூடும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, பிள்ளையின் மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. யார் மேலும் படாத பிரம்புதானே என்று பல ஆண்டுகள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது தவறு.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். பத்தரை மணி ஆனால் பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பிடுங்குவான், கிள்ளுவான். குறுவை நடவு நேரம். ஒருநாள் திட்டாமல் அருகில் உட்கார்ந்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றேன். "அம்மா விடியும் முன்பே நாற்றுப் பறிக்கப் போய்விட்டது டீச்சர்" என்றான். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் காலை அடுப்பு எரியாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதை வகுப்பறைச் சத்தத்தோடு சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 25 அன்று, நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான், காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. எங்கள் பள்ளியில் பத்தரை மணிச் சண்டை பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மீதிப் பாதிக்கு நான்தான் மாறவேண்டியிருந்தது. இப்போது வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடம் பாடம் கிடையாது. வரும் வழியில் பார்த்த ஒன்றை வரையவேண்டும்: மடையில் நின்ற கொக்கு, சேற்றில் சிக்கிய டிராக்டர். அவர்கள் வரையும்போது நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிடுவேன். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. வாய்ப்பாடு சொல்லும் வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போய்விடும்.

பேராவூரணி ஆசிரியர்:

எங்கள் பக்கம் காற்றுதான் பிரச்சினை. 2018 நவம்பர் 16, கஜா புயல். தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த ஊரில் பள்ளியைத் திறந்தோம். காற்று சற்றுப் பலமாக அடித்தாலே இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அழுவார்கள். ஜன்னலைச் சாத்தினேன், அது தடதடத்து இன்னும் பயமுறுத்தியது. பிறகு திறந்தே வைத்து, எது சத்தம் போடுகிறது என்று சொல்லச் சொன்னேன். "கொடிக்கம்பத்துக் கயிறு சார்." "சத்துணவுக் கூடத்துத் தகரம் சார்." எது என்று தெரிந்த சத்தத்துக்கு அவள் அவ்வளவாக நடுங்கவில்லை. ஆனாலும் மேசைக்கு அடியில் போவதை அவள் விடுவதற்குப் பொங்கல் கழிந்துவிட்டது. நான் அவசரப்படுத்தவில்லை.

திருவையாறு ஆசிரியை:

வேப்பமரத்தடி சரி, ஐப்பசி மழையில் என்ன செய்கிறீர்கள் அக்கா?

நீடாமங்கலம் பக்கத்து ஆசிரியை:

ஓட்டுக் கூரையில் மழை கொட்டும்போது நான் கத்திப் பேசுவதையே விட்டுவிட்டேன் அம்மா. மூன்று வகுப்பும் எழுதும். ஒப்பிப்பது மழை விட்ட பிறகுதான்.