லித்தியம் பேட்டரி: காலையில் முதல் தடவை ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை

பைக்கில் லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்டு நாலு மாதம் ஆகிறது. தினமும் ஓட்டியவரை குறையே இல்லை. குளிர் ஆரம்பித்ததும் வாரம் ஒருமுறைதான் எடுக்கிறேன். பட்டனை அழுத்தினால் ஒரு முனகல், மீட்டர் விளக்கு மங்கிவிடுகிறது, அப்புறம் மூன்றாவது தடவை சட்டென்று பிடித்துக்கொள்கிறது. மல்டிமீட்டரில் 12.8 வோல்ட், அதாவது முழு சார்ஜ். பேட்டரியே கோளாறா? பழைய சார்ஜரில் போட்டுப் பார்க்கலாமா?

பதில் 1
12.8 முழு சார்ஜ் என்பது லெட் ஆசிட் கணக்கு. உங்களுடையது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் உள்ளே நாலு செல், முழுதாக ஏறி ஓய்ந்திருக்கும்போது 13.3க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 12.8 என்றால் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நானும் இதே எண்ணைப் பார்த்துத் திருப்தியாக இருந்துவிட்டு ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன்தான்.

பதில் 2
அதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த செல்லில் உள்தடை கூடுவதால் முதல் இழுப்பில் வோல்ட் சரிந்துவிடும், அந்த இழுப்பிலேயே செல் கொஞ்சம் சூடாவதால்தான் மூன்றாவதில் பிடிக்கிறது. சார்ஜ் நன்றாக இருக்கும்போது ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் எரியவிட்டு அப்புறம் பட்டனைத் தொடுங்கள். இப்போதைய நிலையில் அதைச் செய்யாதீர்கள், மிச்சமிருப்பதும் போய்விடும்.

பழைய சார்ஜரில் சல்பேட் (லெட் ஆசிட் தகடுகளில் படிவது) நீக்கும் வசதி இருந்தால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அது 15 வோல்ட்டைத் தாண்டித் துடிப்புகள் அனுப்பும். லித்தியத்துக்கு 14.4 முதல் 14.6 வரை போதும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது, வீட்டுக்குள் எடுத்துவந்து ஏற்றுங்கள்.

பதில் 3
அலாரம் இருக்கிறதா? வண்டி நிற்கும்போதும் அது கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி மேல் போட்டிருக்கும் 12 ஆம்பியர்-அவர் பல சமயம் "லெட் ஆசிட்டுக்கு இணை" என்ற கணக்கு, உண்மையில் உள்ளே 4 தான் இருக்கும். 20 மில்லியாம்ப் கசிந்தாலே நாளுக்கு அரை ஆம்பியர்-அவர் போய்விடும், எட்டு நாளில் காலி.

கேட்டவர்
அலாரம் இருக்கிறது! நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 18 மில்லியாம்ப். லித்தியத்துக்கான சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி ஏற்றினேன், ராத்திரி முழுக்கக் கழற்றிவைத்தும் காலையில் 13.3. இஞ்சினை ஓடவிட்டு டெர்மினலில் பார்த்தால் 14.2.

பதில் 1
14.2 என்றால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரி. இனி ஒரு வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.