தூத்துக்குடியிலிருந்து திப்ரூகர்: அம்மாவுடன் விமானப் பயணம், ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். டிசம்பர் மாதம் எழுபத்து நான்கு வயதான என் அம்மாவை, அசாமில் திப்ரூகரில் பணிபுரியும் தம்பியிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து மோகன்பாரி விமான நிலையம் வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,750 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லை. சென்னை, கொல்கத்தா வழியாகச் சென்றாலும் தூரம் பெரிதாகக் கூடவில்லை என்பதை வரைபடத்தில் அளந்து பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பறக்கும் நேரம் மூன்று விமானங்களுக்கும் சேர்த்து ஐந்தரை மணி நேரம்தான். காத்திருப்புதான் சிக்கல், ஒரு முன்பதிவுத் தளம் மொத்தம் 26 மணி நேரம் காட்டுகிறது. கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் விவேக் விரைவு ரயில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் மூன்று நாள்களையும் தாண்டி ஓடுவதால், அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துவராது.

குளிர்காலக் காலைகளில் கொல்கத்தாவில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதுண்டு. திப்ரூகரிலோ நாலரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே சென்னையில் இரவு தங்குவது நல்லதா, கொல்கத்தாவில் தங்குவது நல்லதா? பயணச்சீட்டுகளைத் தனித்தனியாக எடுத்தால், தம்பிக்கென அம்மா கட்டி வைத்திருக்கும் கருப்பட்டிப் பெட்டியை ஒவ்வொரு நிலையத்திலும் எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேருமே, அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? சக்கர நாற்காலி உதவியை மூன்று விமானங்களுக்கும் தனித்தனியே பதிய வேண்டுமா? இவ்வழியில் முதியவர்களுடன் சென்றவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.