பாகான் டாலாம் குடும்பம் 🏠

செல்வி அத்தை: பள்ளிக்குப் புது துப்புரவு கம்பெனி ஆள் வந்து வேலை ஒப்பந்தப் பாரம் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்குள் கையெழுத்து வேண்டுமாம். அதே டாய்லெட், அதே விளக்குமாறு, சட்டை மட்டும் வேறு கலர் 😅

பிரேமா: அத்தை, உடனே போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள்.

செல்வி அத்தை: 📷 மலாயில் இருக்கிறது. லீவு 8 நாள் என்று போட்டிருக்கிறார்கள். இப்போது எனக்கு 12 ஆச்சே?

பிரேமா: அதுதான் விஷயம். நம் மலேசியச் சட்டப்படி 2 வருடம் ஆகாதவர்களுக்கு வருடத்துக்கு 8 நாள், அப்புறம் 5 வருடம் வரை 12, அதற்கு மேல் 16. நீங்கள் அந்தப் பள்ளியில் இருக்கும் காலத்துக்கு எப்போதோ 16 வந்திருக்க வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் உங்களைப் புது ஆளாக எழுதிவிடுகிறார்கள்.

முருகன் மாமா: டெண்டர் முடிந்தால் கம்பெனி மாறத்தான் செய்யும். பழைய கம்பெனி என்ன செய்ய முடியும்?

கவிதா: வேலை போனால் ஏதாவது தர வேண்டும் இல்லையா மாமா?

பிரேமா: வேலையை விட்டு நிறுத்தினால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். 2 வருடம் தாண்டினால் 15 நாள், 5 தாண்டினால் 20. கேட்டுப் பாருங்கள், "நாங்கள் எங்கே நிறுத்தினோம், காண்ட்ராக்ட் தானே முடிந்தது" என்பார்கள்.

செல்வி அத்தை: போன தடவை ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். முட்டைகூட இல்லை.

கவிதா: 🤣🤣

முருகன் மாமா: என்னைப் போல துப்புரவு கம்பெனி சூப்பர்வைசர் கஷ்டத்தையும் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனது. எங்கள் டெண்டர் விலை அதற்கு முன்பே எழுதியது. அந்த 200ஐ யார் கொடுப்பது? ஐந்து பேர் கூட்டிய மாடியை இப்போது நான்கு பேர் கூட்டுகிறார்கள்.

பிரேமா: விலையைக் குறைத்துக் கேட்டு வேலையை எடுத்தது யார் மாமா? துப்புரவு வேலையில் பெரிய செலவே ஆள் சம்பளம்தான். விலையைக் குறைத்தால் வேறு எதில் கை வைப்பார்கள்?

ரவி (பாயான் லெப்பாஸ்): எங்கள் காண்டோ அடுக்குமாடியிலும் இதே கதைதான். மெயின்டனன்ஸ் பணத்தை ஏற்றக் கூடாது என்று மீட்டிங்கில் ஒரே சத்தம். சத்தம் போட்டவர்தான் மறுநாள் லிப்ட் நாறுகிறது என்று குரூப்பில் போட்டோ போடுகிறார்.

பெரியம்மா: நான் அட்டெண்டன்டாகச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி கூட்டுகிறவர்களும் அரசாங்க ஆள்தான். 1997ல் அந்த வேலையைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். எனக்கு பென்ஷன் வருகிறது. அப்புறம் வந்து அதே வார்டைத் துடைத்த பெண்களுக்கு அது கிடையாது.

பிரேமா: ஜேபிகேகே என்று அரசாங்கக் காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் குழு ஒன்று இருக்கிறது பெரியம்மா. நடுவில் கம்பெனி வேண்டாம், அரசாங்கமே நேராக வேலைக்கு எடுக்கட்டும் என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள்.

கவிதா: அம்மாவின் இபிஎஃப் சேமநிதிக் கணக்கை இப்போதுதான் திறந்து பார்த்தேன். கடைசி மூன்று மாதம் காலி!!

செல்வி அத்தை: சம்பளத்தில் பிடித்தார்களே?

கவிதா: பே ஸ்லிப்பில் 11 விழுக்காடு பிடித்ததாக இருக்கிறது. கணக்கில் ஒரு காசு இல்லை.

பிரேமா: இது லீவை விடப் பெரிய விஷயம். உங்கள் 11ஓடு அவர்கள் 13 சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பிடித்த காசைக் கட்டாமல் இருப்பது குற்றம். கம்பெனி இடத்தைக் காலி செய்வதற்குள் இபிஎஃப் ஆபீசில் புகார் கொடுங்கள். அப்புறம் யாரைத் தேடுவது?

முருகன் மாமா: இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அநியாயம்.

செல்வி அத்தை: எனக்கு மட்டும் இருக்காதே. சாந்தியும் மரியமும் பேங்க் புத்தகம் மாதிரி பே ஸ்லிப்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் புகார் கொடுத்தால் புது கம்பெனி எங்களை எடுக்குமா?

பிரேமா: புகார் பழைய கம்பெனி மேல். புது பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஒரு காப்பி கேட்டு வாங்குங்கள். பழைய வருடங்களைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள். நான் மலாயில் எழுதித் தருகிறேன். ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனால் கேட்டதற்குத் தாள் இருக்கும்.

செல்வி அத்தை: சரி. திங்கள் மதியம் இபிஎஃப் ஆபீசுக்குப் போகிறோம். ஏழு பேர், பஸ்ஸில் போனால் நேரம் ஆகிவிடும்.

முருகன் மாமா: வேன் நான் எடுத்து வருகிறேன். 1 மணிக்குப் பள்ளி கேட்டில் நில்லுங்கள். என் முதலாளி காதுக்கு மட்டும் போகக் கூடாது 🙏