கப்பல் உடைந்த அதிகாரத்தை நாங்கள் தனியாக வாசித்தோம்

பாஸ்கா காலத்து (ஈஸ்டர் முதல் பெந்தக்கோஸ்து வரை) அன்றாடத் திருப்பலி வாசகங்களோடு உங்களுக்கு என்ன அனுபவம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எழுத நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பவுல் போன கப்பல் உடையும் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை நாங்கள் ஏன் தனியாக வாசிக்கிறோம் என்பதும் அதில் வரும்.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி, தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரி. இரையுமன்துறை முதல் நீரோடி வரை உள்ள எங்கள் கரை இருப்பது தமிழ்நாட்டில். திருச்சபைக் கணக்கில் நாங்கள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம் வந்துவிடும். எங்கள் பங்கில் காலைத் திருப்பலிக்கு நான் முதல் வாசகம் வாசிப்பேன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறேன்.

எங்கள் ஆண்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். போட்டில் ஏறினால் வாரக்கணக்கில் கடலில் தங்கல்தான். மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 அன்றுதான் தொடங்கும், ஜூலை 31 வரை. ஆக, ஈஸ்டர் முதல் பெந்தக்கோஸ்து வரையான 50 நாளில் பெரும்பகுதி அவர்கள் கடலில் இருப்பார்கள். சாதாரண நாள் காலைப் பூசையில் பெண்கள், வயதானவர்கள், சில பிள்ளைகள், அவ்வளவுதான். இந்த வாசகங்களை எங்கள் ஊரில் கேட்பது காத்திருக்கிறவர்கள்.

ஆண்டின் மற்ற நாட்களில் பழைய ஏற்பாடோ திருமுகங்களோ முதல் வாசகமாக வரும். பாஸ்கா காலத்தில் முழுக்கப் புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பணிகள் நூல். நற்செய்தியும், எண்கிழமையில் (ஈஸ்டரோடு தொடங்கும் எட்டு நாளில்) உயிர்த்த ஆண்டவர் தோன்றிய பகுதிகள் முடிந்த பிறகு, யோவான்தான். நிக்கதேம், ஐந்து அப்பம், வாழ்வு தரும் உணவு, நல்ல ஆயன், திராட்சைச் செடி என்று வரிசையாகப் போகும். இரண்டுமே தொடர்கதை மாதிரி. ஒரு நாள் விட்டால் மறுநாள் பிடி கிடைக்காது. வாட்சாப்பில் ஒரே ஒரு வசனத்தைப் பூப்படத்தில் போட்டு அனுப்புகிறார்களே, பாஸ்கா காலத்துக்கு அது போதவே போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாஸ்கா காலத்து மூன்றாம் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்களும் செவ்வாயும் ஸ்தேவான். அவரைக் கல்லால் எறிகிறவர்கள் தங்கள் மேலுடைகளைச் சவுல் என்ற இளைஞரின் காலடியில் வைக்கிறார்கள். அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அதே சவுல், பின்னாளில் பவுல் ஆகப்போகிறவர், ஆண்டவர் கூப்பிடும் குரல் கேட்டுத் தமஸ்கு வழியில் விழுந்து கிடக்கிறார். ஒரு வருடம் அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும், மீன் விற்கப் போகிற அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்களே, இது அந்தத் துணிக்குக் காவல் நின்ற பையன்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மாறிவிட்டது. "அவனையா கூப்பிட்டார்!" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமையும் கோவிலுக்கு வந்திருந்தார்.

எண்கிழமை வெள்ளிக்கு யோவான் 21 வரும். திபேரியாக் கடல், ராத்திரி முழுக்க ஒன்றும் படாத வலை, விடியற்காலையில் கரையில் நிற்கும் ஒருவர். எங்கள் கரையில் இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவையில்லை என்று நினைத்திருந்தேன். என் மாமனார்தான் இதை எனக்கு வேறு மாதிரி காட்டினார். இளவயதில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுத்தவர் அவர். கரையில் நின்ற இயேசு படகின் வலப்பக்கம் வலை வீசச் சொன்னதைப் புதுமை என்று மட்டும்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "வள்ளத்தில் இருக்கிறவனுக்கு மீன் தெரியாது மக்களே. தண்ணி நிறம் மாறுவது, மீன் கூட்டமாக நகருவது எல்லாம் கரையில் மேட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் துணியை வீசிக் காட்டுவான், நாங்கள் வலையை அந்தப் பக்கம் விடுவோம். கரையில் நிற்கிறவன் சொல்வதைக் கேட்டுப் பழகினவன்தான் பேதுரு. அதனால்தான் யார் எவர் என்று கேட்காமலே வலையை வீசினான்."

புதுமையை அவர் குறைத்துச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதற்கு ஏன் உடனே கீழ்ப்படிந்தார்கள் என்று எனக்கு இருந்த கேள்விக்குத்தான் பதில் சொன்னார். அன்று வலையில் பட்டது 153 மீன் என்ற எண்ணைப் பற்றியும் கேட்டேன். பெரிய பெரிய விளக்கங்கள் எல்லாம் உண்டு என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எண்ணாமல் எப்படிப் பங்கு வைப்பார்கள்?" ஏழு பேர் போன வள்ளம் அது. ராத்திரி முழுக்க ஏழு பேரும் பட்ட பாட்டுக்கு ஏழு பங்கு உண்டு. அதற்குப் பிறகு அந்த எண்ணை வாசிக்கும்போதெல்லாம் ஈர மணலில் குந்தி உட்கார்ந்து, பெரிய மீனைத் தனியாகத் தள்ளி, வாய்விட்டு எண்ணும் மனிதர்கள்தான் கண்முன்னே வருகிறார்கள்.

தேவசகாயம் பிள்ளையின் புனிதர் பட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். அவர் பிறந்த நட்டாலம் எங்களுக்கு எட்டிவிடும் தூரம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் வத்திக்கானில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பாஸ்கா காலம் ஐந்தாம் ஞாயிறு. நற்செய்தி, நான் அன்பு செய்தது போல நீங்களும் ஒருவர் மற்றவரிடம் அன்பு செய்யுங்கள் என்ற புதிய கட்டளை. முதல் வாசகம், பவுலும் பர்னபாவும் லிஸ்திராவுக்கும் அந்தியோக்கியாவுக்கும் திரும்பிப் போய், பல துன்பங்கள் வழியாகத்தான் இறையாட்சிக்குள் போக முடியும் என்று சீடர்களைத் திடப்படுத்துவது. ஊரெல்லாம் டிவி முன்னால் இருந்ததால் அன்று அது காதில் சரியாக விழவில்லை. செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில் அதே பகுதி திரும்ப வந்தது, இந்தத் தடவை இரண்டு வசனம் முன்னாலிருந்து. லிஸ்திராவில் பவுலைக் கல்லால் எறிந்து, செத்துவிட்டார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர் எழுந்து அதே ஊருக்குள் திரும்பிப் போனார். துன்பத்தைப் பற்றிப் பேசியவர் உடம்பில் காயம் ஆறாமல் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1752 இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவரை ஞாயிற்றுக்கிழமை கொண்டாடிவிட்டுச் செவ்வாய்க்கிழமை இதை வாசித்தேன். என் குரல் நடுங்கியது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு) உள்ள ஒரு மைனியைப் பற்றி. அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கரையைத் தாண்டிப் போனது. ஆழ்கடலில் இருந்தவர்களில் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. மைனியின் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் கோவிலை விடவில்லை. ஆனால் பாஸ்கா காலத்து இரண்டாம் வாரம் சனிக்கிழமை மட்டும் வரமாட்டார். காரணம் எனக்கு வெகுநாள் தெரியாது. அன்பியக் கூட்டம் ஒன்றில் அவரே சொன்னார். அன்றைய நற்செய்தி யோவான் 6, கடல் மேல் இயேசு நடந்து வருவது. பெருங்காற்று, பொங்கும் கடல், சீடர்கள் ஐந்தாறு கிலோமீட்டர் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். அவரைப் படகில் ஏற்றிக்கொள்ள நினைத்தபோதே படகு சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்டது என்று முடியும். "உடனே சேர்ந்துவிட்டது என்கிறதே, அந்த ஒரு வரியை என்னால் கேட்க முடியவில்லை" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்த ஒருவரையும் பக்கத்தில் இருந்தவர் கையமர்த்திவிட்டார். அது சரியான காரியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் ஏழாம் வாரம் வந்தது. பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெறுகிறார், எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எருசலேமில் பிடிபடுகிறார். வெள்ளிக்கிழமை திருத்தூதர் பணிகள் 25ஆம் அதிகாரம், செசரியாவில் கைதியாக இருக்கிறார், வழக்கு சீசரிடம் போகப்போகிறது. மறுநாள் சனிக்கிழமை 28ஆம் அதிகாரம், உரோமையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் வரவேற்கிறார். மறுநாள் பெந்தக்கோஸ்து. வாசித்துவிட்டு இறங்கி வந்தேன். பூசை முடிந்ததும் மைனி கேட்டார்: "செசரியாவில் இருந்தவர் உரோமைக்கு எப்படிப் போனார்? நடுவில் கடல் இல்லையா?"

நடுவில் கடல் இருக்கிறது. 27ஆம் அதிகாரம் முழுக்கக் கடல்தான். அன்றாட வாசக வரிசையில் அது வருவதில்லை. பொழியூரில் கட்டிக்கொடுத்த என் தங்கையைப் போனில் கேட்டேன். அங்கே மலையாளத்திலும் 25க்குப் பிறகு 28தான். உலகம் முழுவதும் லத்தீன் வழிபாட்டில் இதே வரிசை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 28 அதிகாரத்தையும் ஒரு வரி விடாமல் 50 நாளில் வாசிக்க முடியாதுதான். ஆனால் கடற்கரைப் பங்குகள் இந்த ஒரு அதிகாரத்தைத் தவறவிடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலமே அன்பியத்தைக் கூட்டினோம். வீட்டில் இருந்த வயதான ஆண்களையும் வரச் சொன்னோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்தான்.

அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் யாராவது ஒரு பெரியவர் நிறுத்தச் சொல்வார். பயணம் செய்யும் காலம் தாண்டிவிட்டது, போனால் ஆபத்து என்று பவுல் சொல்கிறார். அதிகாரி அவரை விட்டுவிட்டு மாலுமி பேச்சையும் கப்பல் முதலாளி பேச்சையும் கேட்கிறான். தென்றல் மெதுவாக அடித்ததும் காரியம் கைகூடியது என்று பாயை விரித்துக் கிளம்புகிறார்கள். "அதுதான், அந்த மெல்லிய காற்றுதான் ஏமாற்றும்" என்றார் ஒருவர். சிறு படகைப் பாடுபட்டு மேலே இழுப்பது, கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டுவது, சரக்கைக் கடலில் எறிவது, ஆழம் பார்ப்பது, இருபது பாகம் (பாகம் என்றால் கையிரண்டையும் விரித்த நீளம்), கொஞ்சம் தள்ளிப் பதினைந்து பாகம். பின்பக்கத்தில் நான்கு நங்கூரம் இறக்கினார்கள் என்று பையன் வாசித்ததும் என் மாமனார் எழுந்தே விட்டார். "பின்பக்கமா? திரும்ப வாசி" என்றார். திரும்ப வாசித்தான். முன்பக்கம் இறக்கினால் கப்பல் சுழன்றுவிடும், கரை எங்கே என்று தெரியாமல் போகும். பின்பக்கம் இறக்கினால் அணியம் (கப்பலின் முன்முனை) கரையைப் பார்த்தே நிற்கும், விடிந்ததும் கயிறை அறுத்துவிட்டு நேரே கரைக்கு ஓட்டலாம் என்று விளக்கினார். "இதை எழுதினவன் அந்தக் கப்பலில் இருந்தவன்" என்று தீர்ப்பும் சொன்னார். அந்தப் பகுதி முழுக்க 'நாங்கள்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மைனி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பல நாட்களாகச் சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை, கடும் புயல், தப்பிப் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று இருபதாம் வசனம். அங்கே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பையனிடமிருந்து புத்தகத்தை வாங்கித் தானே வாசித்தார். "இது வேதத்தில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார். "அவர் அங்கே எப்படி இருந்திருப்பார் என்று நான் நினைக்காத ராத்திரி இல்லை. நம்பிக்கை அற்றுப்போனது என்று திருத்தூதரோடு போனவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் என் வீட்டுக்காரர் அப்படி நினைத்திருந்தாலும் ஆண்டவர் அவரைக் கைவிட்டிருக்க மாட்டார்."

அந்தக் கப்பலில் 276 பேர். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும் எல்லாரும் கரை சேர்ந்தார்கள் என்று அதிகாரம் முடிகிறது. அந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்: "அவர்கள் சேர்ந்தார்கள், நம்ம ஆட்கள் சேரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் வருடா வருடம் இதை வாசிக்கணும்." அப்புறம் பவுல் விடியுமுன் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிட்ட இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பதினான்கு நாள் சாப்பிடாத சனங்களுக்கு நடுக்கடலில் ஒருவர் தானே அப்பம் பிட்டுச் சாப்பிட்டுத் தைரியம் கொடுக்கிறார். காத்திருந்த பெண்கள் எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏழாம் வாரத்தின் கடைசி வெள்ளிக்கும் சனிக்கும் நடுவில், வெள்ளி சாயங்காலம், அன்பியத்தில் 27ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். மார்த்தாண்டத்தில் வேலை செய்யும் என் மலங்கரை சபைத் தோழிக்கு வாசக அட்டவணையே வேறு, ஆனாலும் அன்றைக்கு வந்துவிடுவார். பெந்தக்கோஸ்து ஜூனில் விழுந்தால் ஆண்களும் கரையில் இருப்பார்கள், கூட்டம் முற்றத்தில் நிறைந்துவிடும். மைனி இரண்டாம் வாரம் சனிக்கிழமைப் பூசைக்கு இன்னும் வருவதில்லை. நாங்கள் கூப்பிடுவதும் இல்லை.

வேறு கடற்கரைப் பங்குகளில், கொல்லம் பக்கமோ தூத்துக்குடி பக்கமோ, யாராவது இந்த அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்கிறீர்களா? எந்த நாளில் வைத்திருக்கிறீர்கள், முழுவதும் ஒரே மூச்சில் வாசிக்கிறீர்களா, மால்டாத் தீவில் கரை சேர்ந்த பிறகு பவுலின் கையைப் பாம்பு சுற்றிய பகுதியையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று எழுதுங்கள். அடுத்த வருடம் அதையும் சேர்க்கலாமா என்று எங்கள் அன்பியத்தில் பேச்சு நடக்கிறது.