கல்லுக்கிடங்கை வாங்குவதற்கு முன் கிணறுகளைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் குப்பை கொட்ட ஓர் இடத்தைச் சங்கக் காசில் வாங்கிக் கொடுப்போம் என்று லண்டனில் இருந்து வந்த மடலையும், அதன் கீழே வரிசையாக வந்த "நானும் தாறன்" பதில்களையும் வாசித்தேன். நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. மதகடியில் குவிந்து கிடக்கும் பொலித்தீனையும் கோழிக் கழிவையும் ஊருக்குப் போய்வந்த எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் வாங்கச் சொல்லும் இடம் வடக்குப் பக்கத்துப் பழைய கல்லுக்கிடங்கு, அதாவது கல் உடைத்தெடுத்த பள்ளம். அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கிடங்கு சும்மா கிடக்கிறது, ஆழமாக இருக்கிறது, நிரப்பி முடித்தால் காணியும் மட்டமாகிவிடும். மேலே நின்று பார்த்தால் இதைவிட வசதியான இடம் கிடையாது. சிக்கல் அடியில்தான். எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதி சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மேலே உள்ள செம்மண் பல இடங்களில் சில அடிதான். மழைத் தண்ணீர் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, காலம் காலமாகக் கல்லையே கரைத்துத் துவாரமும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானவை. மண்ணுக்குள்ளால் போகும் தண்ணீரை மண் ஓரளவு வடிகட்டும். வெடிப்புக்குள்ளால் போகும் தண்ணீரை எதுவும் வடிகட்டாது. கல்லுக்கிடங்கு என்பது, இருந்த கொஞ்ச மண்ணையும் வழித்தெடுத்து, கல்லையும் உடைத்து, நிலத்தடி நீருக்கு இன்னும் கிட்டப் போன இடம். மாரி முடிந்த பிறகும் அங்கே தண்ணீர் நின்றது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துக் கிணறுகளில் நின்ற அதே தண்ணீர்தான் அது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதைக் கல்லுக்குள் சேமித்து வைத்துத்தான் மிச்சக் காலம் முழுக்க இறைக்கிறோம். அதே மழை குப்பையின் மேலும் பெய்யும். எங்கள் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது: சாப்பாடு, மரக்கறி, வாழைத்தண்டு, இலை. அது புளித்து வடிக்கும் கறுத்த கழிவுநீர் பற்றரியையும் பழைய மின்குமிழையும் கழுவிக்கொண்டு இறங்கும். ஏற்கெனவே தோட்டத்து உரமும் மலகூடக் குழிகளும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பை ஏற்றி வைத்திருக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல கிணறுகள் தாண்டியதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. இந்த நிலையில் உள்ள தண்ணீருக்குப் பக்கத்தில் இன்னொரு அழுக்கை நாங்களே காசு கொடுத்து வைக்கப் போகிறோமா?

சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்து, சனம் பவுசர்த் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் 2 கோடி ரூபாய் நட்டஈடு தீர்ப்பானது. தீர்ப்பு வந்ததற்காகக் கல்லுக்குள் போனது வெளியே வந்துவிடாது.

"இப்ப தாளையடித் தண்ணீர் வருகுதுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2024இல் திறந்த அந்தக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 2 கோடி 40 லட்சம் லீற்றர் தரக்கூடியது, நல்ல விடயம். ஆனால் அது குழாயில் குடிக்க வரும் தண்ணீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்கும் இறைப்பது கிணற்றில் இருந்துதான்.

கொழும்புக் குப்பைக்காகப் புத்தளம் அருவக்காட்டில் எடுத்ததும் பழைய சுண்ணாம்புக்கல் அகழ்விடம்தானே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மைதான். ஆனால் அதை வெறும் கிடங்காக விடவில்லை. அடியில் களியும் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பும் போட்டு, கழிவுநீரைக் குழாயால் எடுத்துச் சுத்திகரிக்கும்படி வடிவமைத்த திட்டம் அது. அப்படியும் புத்தளத்துச் சனம் எதிர்த்து வீதிக்கு இறங்கியது. கம்பஹாவில் தொம்பேயில் குப்பை புதைக்க 2015இல் திறந்த நிலநிரப்புக்குக் கொரியாவின் உதவி தேவைப்பட்டது. எங்கள் சங்கம் சேர்க்கும் காசில் கிடங்குக்கு உறுதி எழுதலாம், சுற்றி வேலி அடிக்கலாம். அடியில் ஒன்றும் போட முடியாது. கட்டினாலும் அதை முப்பது நாற்பது வருடம் யார் பார்ப்பது? கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 சித்திரை வருடப்பிறப்பன்று குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்ததும், "இப்போதைக்கு இங்கே கொட்டுவோம்" என்று தொடங்கிய இடத்தில்தான்.

குப்பையைப் புதைக்காமல் எரிக்கலாம் என்று சூரிச்சில் இருக்கும் தம்பி சொன்ன யோசனைக்கு வருகிறேன். சுவிஸில் அது நடக்கிறது, மறுக்கவில்லை. எரியக்கூடிய குப்பையைப் புதைக்க 2000ஆம் ஆண்டில் இருந்தே அங்கே தடை. ஆனால் அந்த உலைகளில் புகையை 850 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இரண்டு செக்கனாவது வைத்திருந்து, பிறகு வடிகட்டி, ஒவ்வொரு நாளும் அளந்துதான் வெளியே விடுகிறார்கள். எங்கள் ஊர்க் குப்பை ஈரக் குப்பை. தானாக எரியாது, டீசல் ஊற்ற வேண்டும். அரைகுறையாக எரிந்தால், அதுவும் பிவிசி சேர்ந்து எரிந்தால், டயொக்சின் என்ற நச்சு வரும். மிஞ்சும் சாம்பலைப் புதைக்க மறுபடியும் ஒரு கிடங்கு தேட வேண்டும்! ஒரு சீமெந்துத் தொட்டியும் புகைபோக்கியும் கட்டி அதற்குச் "சுவிஸ் முறை" என்று பெயர் வைக்கக் கூடாது.

ரொறன்ரோவில் இருக்கும் எங்களுக்கும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2002 முடிவில் பக்கத்து நிலநிரப்பை மூடிய பிறகு எங்கள் குப்பை பல வருடம் எல்லை தாண்டி மிச்சிகனுக்குப் போனது. இப்போது நகரசபை வாங்கி வைத்திருக்கும் கிறீன் லேன் நிலநிரப்புக்குப் போகிறது. ஏறக்குறைய 200 கிலோமீற்றர். ஆனால் ஒன்று: சாப்பாட்டுக் கழிவைப் பச்சைத் தொட்டியில் வேறாக எடுக்கத் தொடங்கியதால் புதைக்க வேண்டியது குறைந்தது. ஊரில் செய்யக்கூடியதும் அதுதான், எங்களைவிட லேசாக. பூவரசங்குழையும் பனையோலையும் பசளையாகத் தோட்டத்து மண்ணில் தாழ்த்துப் பழகிய ஊர் அது. பசளையை எடுக்க ஆள் தேடி அலையத் தேவையில்லை.

ஆகவே என் யோசனை, சேர்ந்த காசைக் காணிக்குப் போடாமல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுப்பசளைக் கொட்டிலுக்குப் போடுவது. கூரை கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மாரியில் எல்லாம் கழிவுநீராகிவிடும். நிலம் சீமெந்தாக, ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும். வடிவதைத் தொட்டியில் பிடித்து, காய்ந்த குவியலுக்குத் திருப்பி ஊற்றலாம். பச்சைக் கழிவோடு சருகும் வைக்கோலும் கலந்து, குவியல் 55 பாகைக்கு மேல் சூடேறும்படி புரட்டினால் நாற்றம் இராது, களை விதையும் சாகும். கோழிக்கடைக் கழிவை மட்டும் இதில் சேர்க்க விடாதீர்கள். நாய் கிண்டும், காகம் தூக்கிக்கொண்டு போய்த் திறந்த கிணற்றில் போடும்; அதற்குக் கடைக்காரரோடு தனியாகப் பேச வேண்டும். போத்தல், தகரம், கடதாசி வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அதோடு யோகட் கோப்பையும் பழைய ரயரும் அகன்றால் மார்கழியில் டெங்கும் குறையும். கடைசியில் மிஞ்சுவது பம்பர்ஸ், கிழிந்த பொலித்தீன், உடைந்த கண்ணாடி. அதைப் பிரதேச சபைதான் எடுக்க வேண்டும். சட்டப்படி குப்பை அகற்றுவது சபையின் கடமை. அதை நாங்கள் தோளில் போட்டுக்கொண்டால் சபை நிம்மதியாக விலகிவிடும். மிஞ்சியதற்கு இடம் தேடும்போதும் ஒற்றை ஊராகத் தேடாமல், பல சபைகள் சேர்ந்து, நீர்மட்டமும் வெள்ளம் ஓடும் பக்கமும் பார்த்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதியோடு தேடட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஊரில் குப்பை உச்சத்துக்கு ஏறுவது திருவிழாவில், நாங்கள் ஆடி ஆவணியில் போய் இறங்கும்போது. அன்னதானத்துக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் காசு கொடுப்பது இந்தச் சங்கம். றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக் பெட்டிக்கும் மெல்லிய லஞ்ச் சீற்றுக்கும் 2017இலேயே தடை வந்துவிட்டது. அப்படியிருந்தும் பந்தலில் பிளாஸ்ரிக் போத்தலும் கோப்பையும் மலையாகக் குவிகின்றன. வாழையிலை, கழுவி எடுக்கும் சில்வர்க் குவளை, கழுவும் ஆட்களுக்குச் சம்பளம்: அடுத்த முறை உபயக் காசோடு இந்த நிபந்தனையையும் அனுப்பலாம். அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இப்போது வேண்டியவை இரண்டு. காணிக்கான முற்பணத்தை அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள், பொருளாளர் அண்ணை. அடுத்தது, கிடங்கைச் சுற்றிக் கிணறு உள்ள வீட்டுக்காரர் யாராவது தண்ணீரைப் பரிசோதித்திருந்தால் அந்த அறிக்கையைப் படம் பிடித்து இந்தக் குழுவுக்குப் போடச் சொல்லுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. இல்லாதவர்களுக்கு நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் பரிசோதிக்கும் செலவை ரொறன்ரோ கிளை ஏற்கும். மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எடுக்க வேண்டும். ஐப்பசிக்கு முன் போத்தல்கள் போய்ச் சேர வேண்டும் என்பதால் பெயர்களை இந்தக் கிழமைக்குள் அனுப்புங்கள்.